இலவசத் திரைப்பட மன்றம்: எந்த உரிமம், எந்தப் பிரதி, எந்த அறை?

படம் முடிந்து விளக்கைப் போடும்போது எத்தனை பேர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்? அரசியல் படங்களைக் கட்டணமின்றித் திரையிடும் மன்றத்துக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. படம் பார்க்க மட்டும் என்றால் வீடே போதும். பார்த்த சூடு ஆறுவதற்குள் முன்பின் தெரியாதவர்களோடு வாதாடத்தான் ஆட்கள் கிளம்பி வருகிறார்கள். அதனால் உரிமம், பிரதி, அறை, நேரம் என்று முடிவெடுக்க வேண்டிய எல்லாவற்றையும் இங்கே ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோட்டிருக்கிறோம்: இது பிறகு நடக்கும் பேச்சுக்கு உதவுமா, அதைக் கெடுக்குமா?

உறுப்பினர்களுக்கு மட்டுமா, எல்லோருக்குமா?

திரைப்பட மன்றங்களின் வரலாறே உறுப்பினர் அட்டையில்தான் தொடங்குகிறது. 1925இல் லண்டனில் தொடங்கிய ஃபிலிம் சொசைட்டி, பிரிட்டனில் பொதுத் திரையிடலுக்கு அனுமதி மறுக்கப்பட்டிருந்த 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்' என்ற சோவியத் படத்தை 1929 நவம்பரில் தன் உறுப்பினர்களுக்குக் காட்டியது. அந்தப் படத்துக்கு அங்கே தணிக்கைச் சான்று கிடைத்தது 1954இல்தான். 1947இல் தொடங்கிய கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியும் உறுப்பினர் அமைப்புதான். சான்றில்லாத படத்தைப் பொதுவில் காட்ட முடியாத நாடுகள் சிலவற்றில், உறுப்பினர் காட்சிக்கு இன்றும் விலக்கு இருக்கிறது. உங்கள் நாட்டில் அது உண்டா என்பதைப் படத்தை முடிவு செய்வதற்கு முன்பே விசாரித்துவிட வேண்டும்.

விலக்கு வேண்டாத இடத்தில் கதவைத் திறந்தே வைப்பது நல்லது. உறுப்பினர் பட்டியல் இருந்தால் ஆறு மாதத்தில் அதே இருபது முகங்கள்தான் மிஞ்சும். யார் என்ன சொல்வார் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்துவிடும். கட்டாயம் பட்டியல் வேண்டும் என்றால் சேர்க்கையைக் கட்டணமில்லாமல், வாசலிலேயே, பெயரும் கையெழுத்தும் போட்டால் போதும் என்று வைக்கலாம். ஆனால் அன்றே சேர்ந்து அன்றே படம் பார்ப்பதைச் சில விதிகள் ஏற்பதில்லை. அதையும் சேர்த்தே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கட்சியோ தொழிற்சங்கமோ நடத்தும் மன்றமாக இருப்பதா, தனியாக இருப்பதா என்பது இதையொட்டி வரும் கேள்வி. அமைப்பின் கீழ் போனால் கூடமும் நாற்காலியும் முதல் நாள் கூட்டமும் உடனே கிடைக்கும். ஆனால் மாற்றுக் கருத்து உள்ளவர் இரண்டாம் முறை வரமாட்டார். அவர் இல்லாமல் விவாதம் இல்லை. கூடத்தை அமைப்பிடம் கேட்டு வாங்கலாம். படத் தேர்வை மட்டும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கே நடத்தினாலும் படத்தின் பெயரைக் கூடத்தின் பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுத்து, ஒப்புதலை எழுத்திலேயே வாங்கிவிடுவது அவசியம். அரசியல் படம் என்பது முந்தின நாள் போஸ்டரைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிகிறது என்றால், கூடம் கடைசி நேரத்தில் கைவிட்டுப் போகும்.

உரிமம்: மூன்று வழிகள்

'நுழைவு இலவசம்தானே, உரிமம் எதற்கு?' என்பதுதான் எல்லா மன்றங்களும் முதலில் கேட்கும் கேள்வி. பெரும்பாலான நாடுகளில் சட்டம் முதலில் கேட்பது, வீட்டு வட்டத்துக்கு வெளியே உள்ளவர்களுக்குக் காட்டினீர்களா என்பதைத்தான். காசு வாங்கவில்லை என்ற பதில் பெரும்பாலும் அங்கே எடுபடாது. கடையில் வாங்கிய டிஸ்க்கும், சந்தா கட்டிய ஓடிடியும் வீட்டுக்குள் பார்ப்பதற்கானவை. வகுப்பறைப் பாடத்துக்குச் சில நாடுகளில் தரப்படும் சலுகை மாலைநேர மன்றத்துக்குச் செல்லாது.

முதல் வழி, காப்புரிமைக் காலம் முடிந்த படங்கள். செலவில்லாத வழி, ஆனால் கணக்கு நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். அமெரிக்காவில் பழைய படங்களுக்கு வெளியீட்டிலிருந்து 95 ஆண்டுகள். அதன்படி 1925இன் படங்கள் அங்கே 2021 ஜனவரி 1 அன்று பொதுவுக்கு வந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் கணக்கு படத்தின் வயதிலிருந்து தொடங்குவதில்லை. இயக்குநர், திரைக்கதை ஆசிரியர், வசன ஆசிரியர், படத்துக்கென இசையமைத்தவர் ஆகிய நால்வரில் கடைசியாக இறந்தவரின் மறைவுக்குப் பின் 70 ஆண்டுகள். அதனால் 1920களின் படம்கூட அங்கே இன்னும் பூட்டியே இருக்கலாம். 1964க்கு முன் அமெரிக்காவில் வெளியான படங்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு: 28ஆம் ஆண்டில் உரிமையைப் புதுப்பிக்காமல் விட்ட படங்கள் அங்கே பொதுவுக்கு வந்துவிட்டன. சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைச் சொல்லும் 'சால்ட் ஆஃப் தி எர்த்' (1954) அப்படி வந்த படம்.

இந்த வழியில் கால் இடறுவது பெரும்பாலும் இசையில். மௌனப் படத்தின் காட்சிகளுக்கு உரிமைக் காலம் முடிந்திருக்கும். ஆனால் டிஸ்க்கில் உள்ள இசை 1990களில் புதிதாக எழுதிப் பதிவு செய்ததாக இருந்தால் அதற்குத் தனி உரிமை உண்டு. சப்டைட்டில் மொழிபெயர்ப்புக்கும் அப்படியே. மீட்டெடுத்த பிரதிக்குச் சில நிறுவனங்கள் தனியாக உரிமை கோருவதும் உண்டு. மௌனப் படம் என்றால் ஒலியை அணைத்துவிட்டு, கீபோர்டோ வேறு வாத்தியமோ வாசிப்பவர் ஒருவரைத் திரையருகே உட்காரவைப்பது எல்லா வகையிலும் சிறந்தது. பதிவுசெய்த இசைக்கு ஒரு கூட்டம் இவ்வளவு கூர்ந்து காது கொடுப்பதில்லை.

இரண்டாவது வழி, பல ஸ்டுடியோக்களின் படங்களைச் சேர்த்து ஆண்டுச் சந்தாவாகத் தரும் மொத்த உரிமம். நூலகமோ கல்லூரியோ ஏற்கெனவே இதை வாங்கியிருக்கலாம். கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. ஆனால் இதில் இரண்டு குறைகள். படத்தின் பெயரைப் போட்டுப் பொதுவில் விளம்பரம் செய்ய இவ்வகை உரிமங்கள் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. அடுத்தது, அரசியல் செவ்வியல் படங்களில் பெரும்பகுதி சிறு தயாரிப்பாளர்களிடமும் ஆவணக் காப்பகங்களிடமும் இருப்பதால் அந்தப் பட்டியலிலேயே வராது.

மூன்றாவது, உரிமையாளரிடம் நேரடியாக ஒரு காட்சிக்கு அனுமதி கேட்பது. நேரம் பிடிக்கும் வழி. ஆனால் இந்த வகைப் படங்களுக்குப் பொருத்தமானது. காட்சிக்கு எட்டு வாரம் முன்பே எழுத வேண்டும். படம், வெளியான ஆண்டு, காட்சி நாள், நாற்காலி எண்ணிக்கை, நுழைவுக் கட்டணம் இல்லை என்பது, எந்த வடிவில் ஓட்டப் போகிறோம், பிரதியை அவர்கள் தருவார்களா, என்ன சப்டைட்டில் என்ற எல்லாவற்றையும் முதல் மடலிலேயே சொல்லிவிட்டால் பதில் விரைவாக வரும். கேட்பது திரையரங்கு சாராத திரையிடல் உரிமை என்பதையும் தெளிவாக எழுத வேண்டும். உண்டியல் வைப்பதாக இருந்தால் மறைக்கக் கூடாது; நன்கொடையையும் வசூலாகக் கணக்கிடும் உரிமங்கள் உண்டு.

எங்கள் பரிந்துரை: முதல் மூன்று காட்சிகளைக் காலம் முடிந்த படங்களிலிருந்து எடுத்துக்கொண்டு, அந்த மூன்று மாதத்தில் நான்காவது படத்துக்கான மடல்களை அனுப்பத் தொடங்குவது.

பிரதி: டிஸ்க், கோப்பு, படச்சுருள்

வாய்ப்பிருந்தால் ப்ளூரே. 1080 வரிகள் இருப்பதால் பெரிய திரையிலும் முகங்கள் முகங்களாக இருக்கும். டிஸ்க் எந்த நாடுகளின் பிளேயரில் ஓடும் என்பதைச் சொல்லும் ஏ, பி, சி என்ற மண்டலப் பிரிவை மட்டும் பிளேயரோடு ஒத்துப்பார்க்க வேண்டும்.

டிவிடி இன்னும் பல அரிய படங்களுக்கு ஒரே வழி. பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் செய்த டிவிடி நொடிக்கு 25 ஃபிரேம் (படச் சட்டம்) ஓடும். படம் எடுக்கப்பட்டதோ 24இல். அதனால் 121 நிமிட 'பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' (1966) ஏறக்குறைய 116 நிமிடத்தில் முடிந்துவிடும், குரல்களும் லேசாகக் கீச்சென்று ஏறும். பிரதி குறைபட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வேறு பிரதிக்குச் செய்த சப்டைட்டில் கோப்பை இதோடு சேர்த்தால் சிக்கல்தான். ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம் விலகிவிடும். முன்னும் பின்னும் நகர்த்தினால் தொடக்கம் சரியாகும், முடிவு கெடும். கோப்பையே அந்த விகிதத்தில் நீட்டவோ சுருக்கவோ வேண்டும். சப்டைட்டில் திருத்தும் மென்பொருள்களில் ஃபிரேம் வேகத்தை மாற்றும் வசதி இதற்காகவே இருக்கிறது.

உரிமையாளர் அனுப்பும் கோப்பு கையாள எளிது. தமிழில் சப்டைட்டில் போட அனுமதி கிடைத்தால் கோப்பை யுடிஎஃப்-8 (UTF-8) என்ற எழுத்துக் குறியீட்டு வடிவில் சேமித்து, பிளேயரில் தமிழ் எழுத்துருவைக் கையால் தேர்ந்தெடுக்க வேண்டும். விட்டால் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வரும். ஒரே நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். கறுப்பு வெள்ளைப் படத்தில் வெள்ளைச் சட்டைமேல் விழும் வெள்ளை எழுத்தை யாரும் படிக்க முடியாது. எழுத்துக்குக் கறுப்பு ஓரம் தடிமனாகக் கொடுத்து, நிறத்தை வெளிர் மஞ்சளாக்கினால் தீர்ந்தது.

ஓடிடியை நேரடியாக ஓட்டுவது கூடாது. உரிமம் ஒரு பக்கம் இருக்கட்டும். இணையம் தடுமாறும் ஒரு நிமிடம் ஒரு காட்சியையே கொன்றுவிடும். நகல் தடுப்புப் பூட்டு பழைய ப்ரொஜெக்டரோடு ஒத்துப்போகாமல், ஒலி மட்டும் வந்து திரை கறுப்பாக நிற்பதும் வழக்கம்.

16 மிமீ படச்சுருளுக்கு ஓர் அழகு உண்டு, மறுக்கவில்லை. நொடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் நிமிடத்துக்கு 36 அடி ஓடும். 2,000 அடிச் சுருள் 55 நிமிடம். ஒரே இயந்திரம் இருந்தால் நடுவில் சுருள் மாற்ற இடைவேளை விட்டே ஆக வேண்டும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் சுருளின் அடிப்பொருளான அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை இயந்திரத்தில் ஏற்றவே கூடாது. ஓட்டத் தெரிந்தவர் கூடவே இருந்தால், ஆண்டுக்கு ஒருமுறை சிறப்புக் காட்சியாக வைக்கலாம்.

எந்தப் பிரதியானாலும் முந்தின நாள் முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்ப்பதற்கு மாற்று கிடையாது. முதல் ஐந்து நிமிடம் எல்லா டிஸ்க்கும் நன்றாகத்தான் ஓடும்.

அறையும் திரையும்

திறந்தவெளித் திரையிடலுக்குக் கூட்டம் வரும், படமும் நன்றாக வரும், விவாதம் மட்டும் வராது. சூரியன் மறைந்து நன்றாக இருட்டும்வரை தொடங்க முடியாததால் முடியும்போது நேரமாகிவிடும். காற்றடித்தால் திரைத்துணி பாய்மரம்போல் புடைக்கும். படம் முடிந்த நொடியே கூட்டம் நாலாபுறமும் கரைந்துவிடும். யாருடைய வீட்டு முன்னறை என்றால் பேச்சு அருமையாக நடக்கும், ஆனால் புதியவர் வரத் தயங்குவார். நூலகம், சங்கக் கூடம், பள்ளி வகுப்பறை என்று 30 முதல் 50 பேர் உட்காரக்கூடிய, சன்னலை மூடினால் இருட்டும் அறைதான் சரி. பேசுகிறவரின் முகம் கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும்; மைக் இல்லாமல் குரல் எட்ட வேண்டும்.

ப்ரொஜெக்டருக்கு எத்தனை லூமன் (வெளிச்சத்தின் அளவு) வேண்டும் என்பதைப் பெருக்கிப் பார்த்துவிடலாம். இருட்டறையில் திரையரங்குத் தரத்துக்குச் சதுர அடிக்கு ஏறத்தாழ 16 லூமன் வேண்டும். 10 அடி அகலத் திரை 16:9 அளவில் 5.6 அடி உயரம், அதாவது 56 சதுர அடி. ஆக 900 லூமன் திரையில் விழ வேண்டும். பெட்டியில் அச்சிட்ட எண் மிகப் பிரகாசமான அமைப்புக்கானது. சினிமா அமைப்பில் அது ஏறக்குறையப் பாதியாகும், விளக்குப் பழசானால் இன்னும் குறையும். எனவே 2,000 முதல் 2,500 போதும். வெளிச்சம் கசியும் அறைக்கு 4,000 வாங்குவதைவிடச் சன்னலுக்குக் கறுப்புத் துணி அடிப்பதே மேல். கூடுதல் லூமன், கசிந்த வெளிச்சத்தால் சாம்பல் பூத்த கறுப்பைக் கறுப்பாக்காது.

1950களுக்கு முந்தைய படங்கள் பெரும்பாலும் ஏறத்தாழச் சதுரமானவை. 10 அடித் திரையில் அவை 7.5 அடி அகலத்துக்குத்தான் வரும். அதனால் பழைய படங்கள் காட்டும் மன்றம் திரையின் அகலத்தைவிட உயரத்தைப் பார்த்து வாங்க வேண்டும். படத்தை இழுத்துத் திரையை நிரப்பும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் உடனே அணைக்க வேண்டும். எல்லோரும் குண்டாகத் தெரியும் படத்தில் எந்தத் துயரமும் நிற்காது.

சமதளக் கூடத்தில் அடிக்கடி நடப்பது, முன்னால் இருப்பவர் தலை சப்டைட்டிலை மறைப்பது. உட்கார்ந்தவரின் கண் ஏறக்குறைய 4 அடி உயரத்தில் இருக்கும். திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து நாலரை அடிக்குக் குறையக் கூடாது, நாற்காலிகளை நேர்வரிசையாக இல்லாமல் இடைவெளி மாற்றிப் போட வேண்டும். கடைசி வரிசை திரை உயரத்தின் ஆறு மடங்கு தூரத்துக்குள் இருந்தால் எழுத்தைப் படிக்கலாம்.

ஒலிக்குப் பெரிய கருவி வேண்டாம். பழைய படங்களின் ஒலி மோனோ. திரைக்குக் கீழே நடுவில் நல்ல ஸ்பீக்கர் ஒன்று வைத்தால் வசனம் வாயிலிருந்தே வருவதுபோல் இருக்கும். ப்ளூடூத் வேண்டாம், உதடும் ஒலியும் விலகும். இசை கேட்கிறது, வசனம் கேட்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்: பிளேயர் பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்த 5.1 ஒலியை அனுப்புகிறது, நடுச் சேனலுக்கு ஸ்பீக்கரே இல்லை. அமைப்பில் ஸ்டீரியோ என்று மாற்றினால் வசனம் திரும்பிவிடும். ஹும் என்று தொடர்ந்து இரைச்சல் வந்தால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பத்து மீட்டருக்கு மேல் சாதாரண எச்டிஎம்ஐ கேபிளை நம்பக் கூடாது. கூடுதலாக ஒரு கேபிள் எப்போதும் பையில் இருக்கட்டும்.

எவ்வளவு நேரம், எத்தனை நாளுக்கு ஒருமுறை

அறிமுகம் 5 நிமிடம், படம் 95, இடைவெளி 10, விவாதம் 40. கூட்டினால் இரண்டரை மணி. இதற்கு மேல் போனால் விவாதம்தான் வெட்டுப்படும். 88 நிமிட 'பாத்ஸ் ஆஃப் குளோரி' (1957), 94 நிமிட 'சால்ட் ஆஃப் தி எர்த்', 97 நிமிட 'மெமரீஸ் ஆஃப் அண்டர்டெவலப்மென்ட்' (1968) ஆகியவை வேலைநாள் மாலைக்குப் பொருந்தும். 127 நிமிட 'இஸட்' (1969) விடுமுறை நாள் பிற்பகலுக்கு. நாலு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் 'தி அவர் ஆஃப் தி ஃபர்னசஸ்' (1968) வேறு வகை. நடுவில் நிறுத்திப் பேச வேண்டும் என்று திட்டமிட்டே எடுத்த படம் அது, அர்ஜென்டினாவில் ரகசியமாகக் காட்டப்பட்டது. அதன் மூன்று பகுதிகளை மூன்று வாரத்துக்குப் பிரித்துக் காட்டலாம்.

வாரம் ஒரு படம் என்பது உற்சாகத்தில் எடுக்கும் முடிவு. உரிமம் கேட்கவும் ஓட்டிப் பார்க்கவும் ஆள் போதாமல் மூன்றாம் மாதம் நின்றுவிடும். மாதம் ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒரு பொருள் என்று வைத்தால் தாங்கும். ஒரே இயக்குநரின் படங்களை வரிசையாகக் காட்டினால் பேச்சு பாணியைச் சுற்றும். ஒரே பொருளை வெவ்வேறு கைகளில் காட்டினால் அரசியலுக்குப் போகும். எடுத்துக்காட்டாக வேலைநிறுத்தம். 1925இன் 'ஸ்ட்ரைக்' தொழிலாளர்கள் சுடப்படுவதையும் மாடு அறுக்கப்படுவதையும் மாற்றி மாற்றி வெட்டிக் காட்டி முடியும். 'சால்ட் ஆஃப் தி எர்த்'தில் நீதிமன்றம் சுரங்கத் தொழிலாளர்களின் மறியலைத் தடுக்க, அவர்கள் மனைவிமார் மறியலில் நிற்பார்கள். 1976இன் ஆவணப்படம் 'ஹார்லன் கவுண்டி யு.எஸ்.ஏ.'யில் உண்மையான பெண்கள் உண்மையான சாலையை மறிப்பார்கள். மூன்றாம் மாதம் வருகிறவர் முதல் இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு பேசுவார்.

சிறப்பு விருந்தினரா, நெறியாளரா?

பேராசிரியரோ விமர்சகரோ வந்தால் போஸ்டருக்கு நல்லது. ஆனால் அவர் முப்பது நிமிடம் பேசிய பிறகு மற்றவர்கள் கேள்விதான் கேட்பார்கள், கருத்துச் சொல்ல மாட்டார்கள். விருந்தினரைப் படத்துக்கு முன் ஐந்து நிமிடம் பேசவைத்துவிட்டு, பிறகு கூட்டத்தில் ஒருவராக உட்காரவைக்கலாம். அந்த ஐந்து நிமிடத்தில் கதையைச் சொல்லக் கூடாது. படத்தை எடுத்த சூழலைச் சொல்ல வேண்டும். 'சால்ட் ஆஃப் தி எர்த்' ஹாலிவுட்டில் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டவர்கள் எடுத்த படம், கதாநாயகியாக நடித்தவர் படப்பிடிப்பின்போதே அமெரிக்காவிலிருந்து மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்டார், படத்தை ஓட்ட ப்ரொஜெக்டர் தொழிலாளர் சங்கமே மறுத்தது என்ற மூன்றே செய்தி போதும்.

விவாதத்துக்கு நாற்காலிகளை வட்டமாகத் திருப்ப அந்தப் பத்து நிமிட இடைவெளி. நெறியாளர் 'படம் எப்படி இருந்தது?' என்று தொடங்கினால் 'அருமை' என்ற பதிலோடு நின்றுவிடும். ஒரு காட்சியைத் திரும்ப ஓட்டிக் காட்டித் தொடங்குவதே எங்கள் தேர்வு. பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான அல்ஜீரிய விடுதலைப் போராட்டத்தைச் சொல்லும் 'பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' என்றால் இரண்டு துண்டுகள். ஒன்று, அல்ஜீரியர்கள் வாழும் பழைய நகர்ப் பகுதியான காஸ்பாவில் இரவில் வெடித்த குண்டுக்குப் பிறகு இடிபாட்டிலிருந்து உடல்களை எடுத்து வருவது. மற்றது, குண்டிருக்கும் பையை ஐரோப்பியர்கள் கூடும் கடையில் வைத்த அல்ஜீரியப் பெண் சுற்றிலும் பார்ப்பதும், ஐஸ்கிரீம் சாப்பிடும் குழந்தையின் முகத்தில் கேமரா நிற்பதும், வெடித்த பிறகு உடல்கள் வெளியே வருவதும். இரண்டு பக்கச் சாவுக்கும் பின்னால் ஒலிப்பது ஒரே இசை. இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் பலருக்கு அது காதில் விழும். அப்போது 'ஏன் ஒரே இசை?' என்று மட்டும் கேட்டுவிட்டு நெறியாளர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். முதல் பதில் வர அரை நிமிடம்கூட ஆகலாம். அந்த அமைதியை நிரப்பக் கூடாது.

படம் தோன்றும் விதத்தைப் பார்த்துச் செய்திப்படக் காட்சிகள் கலந்திருக்கின்றன என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். ஒரு அடிகூட இல்லை, எல்லாம் நடித்து எடுத்தது என்று அங்கே திருத்தலாம். 2003இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகனிலும் இதே படத்தைத் திரையிட்டார்கள் என்பதைப் பேச்சு தளரும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

துண்டுகள் தொடங்கும் நிமிடத்தையும் நொடியையும் முந்தின நாள் ஓட்டிப் பார்க்கும்போதே, அதே பிரதியில், தாளில் குறித்து ப்ரொஜெக்டர் பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும். பால் டிவிடியில் குறித்த நேரம் ப்ளூரேயில் ஐந்து நிமிடம்வரை தள்ளி நிற்கும்.